44 நாள் கழிச்சு வந்த மோதிர விரல்: ஊரடங்கு காலத்துல வட சென்னைல ஒரு கை கேஸ்

இது 2020 ஏப்ரல்ல ஆரம்பிச்சு 2021 ஏப்ரல் வரைக்கும் போன ஒரே ஒரு ஆளோட கதை. அவங்ககிட்ட கேட்டுட்டுதான் எழுதுறேன், பேரு, தெரு, ஆஸ்பத்திரி எதுவும் வேணாம்னு முதல்லயே பேசிக்கிட்டோம். நான் கை தெரபிஸ்ட், ஆபரேஷன் பண்றவ இல்ல. ஆபரேஷனுக்கு முன்னாடியும் பின்னாடியும் அந்த கைய பாத்துக்கறவ, அதனால என் பக்கத்துல இருந்து பாத்தத நிறைய சொல்லுவேன்.

பின்னணி

வட சென்னைல கைன்னு சொன்னா எல்லாருக்கும் முதல்ல ஞாபகம் வர்றது ஸ்டான்லிதான், 1971ல இருந்து அங்க கைக்குன்னே தனி பிரிவு இருக்கு, 2018ல ரெண்டு கையும் இழந்த ஒருத்தருக்கு வேற கைய பொருத்துன இடம். எங்களுது அது இல்ல. டிரஸ்ட் நடத்துற சின்ன ஆஸ்பத்திரி, வாரத்துல ரெண்டு நாள் கை ஓபி, ஒரு தியேட்டர், பின்னாடி ஒரு ரூம்ல தெரபி. வர்றவங்க எல்லாம் இந்த ஏரியா ஜனங்கதான். காசிமேட்டு படகு விஞ்சுல கயிறு சுத்தி வர்றவங்க, வியாசர்பாடி கொடுங்கையூர் பக்கம் சின்ன பட்டறைல பிரஸ் மெஷின்ல விரல் போனவங்க, மணலி பக்கத்து லோடு ஆளுங்க, வண்ணாரப்பேட்டைல தையல் மெஷின் ஊசி ஏறுனவங்க. பத்து பேருக்கு கீழ வேலை செய்யற பட்டறைக்கு அப்ப இஎஸ்ஐ காப்பீடு கிடையாது, அதனால பெரும்பாலும் கை போனா கூலியும் போச்சு.

மார்ச் 24 சாயங்காலத்துல இருந்து 144, மறுநாள்ல இருந்து நாடு முழுக்க ஊரடங்கு. அந்த வாரமே எங்க கை ஓபிய நிறுத்திட்டாங்க. அவசரம் இல்லாத ஆபரேஷன் எல்லாம் தள்ளி வெச்சாச்சு, தியேட்டர்ல ஒரு பக்கத்த காய்ச்சல் கேஸுக்கு ஒதுக்கியாச்சு, என்னைய காய்ச்சல் முகாமுக்கு டூட்டி போட்டாங்க, வீடு வீடா போயி டெம்பரேச்சர் பாத்து கபசுர குடிநீர் குடுக்கற டீமோட. அத நான் தப்பு சொல்லல, ராயபுரம் மண்டலம் மே மாசம் பாசிட்டிவ் எண்ணிக்கைல சென்னைலயே முதல் இடத்துல இருந்துச்சு, அந்த வேலைக்கும் ஆளு வேணும். ஆனா கைய பாக்கத் தெரிஞ்ச ரெண்டு பேருமே, நானும் எங்க கை நர்ஸும், ஒரே நேரத்துல கேட்ட விட்டு வெளிய இருந்தோம். கீழ வர்றது புரியணும்னா இத ஞாபகம் வெச்சுக்கணும்.

ஏப்ரல் 25: வெட்டு

அவங்களுக்கு 42 வயசு, மீன் விக்கிறவங்க. வீட்டுக்காரர் இல்ல, மகன் ஒருத்தன் கொரியர் வேலை, மக பத்தாவது. ஏப்ரல் 15ல இருந்து மீன்பிடி தடைக்காலம், விசைப்படகு எதுவும் போகல, நாட்டுப்படகுல வர்ற கொஞ்ச மீன வாங்கி வீட்டு வாசல்லயே அருவாமனைய போட்டு வெட்டி குடுத்துட்டு இருந்தாங்க. 26ல இருந்து 29 வரைக்கும் சென்னைல முழு ஊரடங்குன்னு அறிவிப்பு வந்துச்சுல, அதுக்கு முந்தின நாள் சனிக்கிழமை, ஊரே கடைத்தெருவுல நின்னுச்சு. இவங்க வாசல்லயும் அப்படித்தான். நாலு நாளைக்கு சேத்து வாங்கிட்டு போறாங்க, சீக்கிரம் சீக்கிரம்னு நெருக்குறாங்க, பாறை மீன் தலைய அழுத்தி தள்ளும்போது வழுக்கி இடது கை அருவாமனை மேல போயிடுச்சு. மோதிர விரல் அடிப்பக்கம், உள்ளங்கைல இருந்து விரல் ஆரம்பிக்கற கோட்டுக்கு கொஞ்சம் மேல, குறுக்கால ஒரு வெட்டு. நடு விரல்ல தோல் மட்டும்.

பக்கத்து கிளினிக் பூட்டிக் கெடந்துச்சு. இன்னொரு கிளினிக்ல தையல் நாலு போட்டு, டிடி ஊசி போட்டு, ஆன்டிபயாடிக் குடுத்து அனுப்புனாங்க. இவங்க கேட்டிருக்காங்க, "நரம்பு எதுனா கட்டாயிடுச்சா சார்?" "நரம்பு ஒண்ணும் ஆவல"ன்னு பதில்.

இந்த "நரம்பு"ங்கற வார்த்தைய பத்தி ஒண்ணு சொல்லிடறேன். நம்ம ஜனங்களுக்கு டெண்டானும் நரம்புதான், உணர்ச்சி கொண்டு போறதும் நரம்புதான், ரத்தக்குழாயும் நரம்புதான். ரத்தம் நின்னா "நரம்பு ஒண்ணும் ஆவல"ன்னு கேக்கறவங்களும் நம்புறாங்க, சொல்றவங்களும் அதையே சொல்றாங்க. விரல மடக்கற கயிறு டெண்டான், தொட்டா தெரிய வெக்கிறது நரம்பு, ரெண்டும் வேற, ரெண்டையும் தனித்தனியா சோதிச்சு பாத்தாத்தான் தெரியும். அன்னிக்கு ரெண்டையும் யாரும் பாக்கல. பெரிய ஆஸ்பத்திரிக்கு போலாம்னு மகன் சொல்லிருக்கான், அங்கல்லாம் கொரோனா வார்டு, போனா ஒட்டிக்கும்னு இவங்களுக்கு பயம், போகல.

ஏப்ரல் 30: எங்க கேட்ல நடந்தது

முழு ஊரடங்கு முடிஞ்ச மறுநாள் மகன் பைக்ல கூட்டிட்டு எங்க ஆஸ்பத்திரிக்குத்தான் வந்திருக்காங்க. அடிபட்டு அஞ்சாவது நாள். இத எழுதும்போதும் எனக்கு வயித்துல ஒரு மாதிரி பண்ணுது, ஏன்னா அஞ்சாவது நாள்ங்கறது இந்த மாதிரி டெண்டான் வெட்டுக்கு நல்ல நேரம்தான். அன்னிக்கு எடுத்திருந்தா அறுந்த ரெண்டு முனையையும் நேரா சேத்து தெச்சு, நாலஞ்சு நாள்ல மெதுவா அசைக்க ஆரம்பிச்சு, மூணு மாசத்துல மீன் வெட்ட போயிருக்கலாம்.

கேட்ல காய்ச்சல் பாத்தாங்க, ஆக்ஸிஜன் அளவு பாத்தாங்க, கட்ட லேசா பிரிச்சு தையல் சுத்தமா இருக்குன்னு பாத்தாங்க. கை ஓபி மூடியிருக்கு, ஊரடங்கு முடிஞ்சதும் வாங்க, தையல் பிரிக்க பக்கத்து கிளினிக்கே போதும்னு சொல்லி சீட்டுல ரெண்டு வரி எழுதி அனுப்பிட்டாங்க. அந்த சீட்ட அப்புறம் அவங்க எங்ககிட்ட காட்டுனாங்க, பர்ஸுல நாலா மடிச்சு வெச்சிருந்தாங்க. "காயம் சுத்தம். உயிருக்கு ஆபத்தில்லை. அவசரமில்லை."

எழுதுன டாக்டர் சின்னவர், பிபிஇ கிட்டுக்குள்ள ஆறு மணி நேரமா வேர்த்து நின்னவர், அவருக்கு அன்னிக்கு குடுத்த உத்தரவே மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, பிரசவம், பெரிய விபத்து இதுக்கு மட்டும் உள்ள விடுன்னுதான். அந்த சீட்டுல எழுதுன மூணுல முதல் ரெண்டும் சரி. மூணாவதுதான் தப்பு, அத அவர் மட்டும் எழுதல, நாங்க எல்லாரும் சேந்து மார்ச் மாசமே எழுதி வெச்சுட்டோம். உயிருக்கு ஆபத்தா இல்லையான்னு ஒரே கேள்வில எல்லாத்தையும் பிரிச்சோம். கைக்கு தனியா ஒரு கடிகாரம் ஓடுதுங்கறத அந்த லிஸ்ட்ல எங்கயும் சேக்கல.

மே மாசம்: அடைச்ச தெரு

மே பத்து தேதி வாக்குல தையல் பிரிச்சாச்சு, புண்ணு ஆறிடுச்சு. விரல் மடங்கல. கட்டு போட்டு வெச்சிருந்ததால விறைச்சிருக்கும், போகப்போக சரியாயிடும்னு நெனச்சிருக்காங்க. ரெண்டு வாரம் கழிச்சு திரும்பி வரலாம்னு இருந்தப்ப எதிர் வீட்ல ஒருத்தருக்கு பாசிட்டிவ், தெரு முனைல தகரம் அடிச்சு அடைச்சுட்டாங்க. அது முடியறதுக்குள்ள இன்னொரு வீடு. ஆட்டோ ஓடல, பஸ் இல்ல. வருமானம் நின்னு போச்சு, காதுல இருந்தது அடகு கடைக்கு போச்சு.

ஜூன் 8: நாங்க பாத்தது

ஜூன் ஆரம்பத்துல கொஞ்சம் தளர்வு வந்துச்சு, நானும் முகாம் டூட்டி முடிச்சு திரும்ப வந்துட்டேன், வாரத்துல ஒரு நாள் கை ஓபி தொறந்தோம். அந்த முதல் திங்கக்கிழமை வந்தவங்கள்ல இவங்க ஒருத்தங்க. வெட்டு பட்டு 44வது நாள்.

கைய மேசை மேல மல்லாக்க வெக்க சொன்னேன். சும்மா தளர்வா வெச்சா எல்லா விரலும் சுண்டு விரல் பக்கம் போகப்போக கொஞ்சம் கூடுதலா வளைஞ்சு நிக்கும், யாரு கையா இருந்தாலும் அப்படித்தான். இவங்களுக்கு மூணு விரல் வளைஞ்சிருக்கு, மோதிர விரல் மட்டும் நேரா, வேற யாரோட விரலோ மாதிரி. தொடாமலே தெரிஞ்சுது, அந்த விரல மடக்கற ரெண்டு டெண்டானும் போயிருக்குன்னு. அப்புறம் ஒவ்வொரு மூட்டா புடிச்சு மடக்க சொல்லி பாத்தோம், நடு மூட்டும் அசையல, நுனி மூட்டும் அசையல. நான் மடக்குனா நடு மூட்டு 60 டிகிரிக்கு மேல வரல, அதாவது விறைப்பும் ஏறிடுச்சு. நடு விரல் நல்லா இருந்துச்சு.

உணர்ச்சிய பத்தி நான் கேக்கறதுக்கு முன்னாடி அவங்களே சொன்னாங்க. "இத பாரு மா, மீனு கழுவிட்டு வந்தா எல்லா வெரலும் சுருங்கி போவுது, இந்த வெரல்ல மட்டும் இந்த பக்கம் சுருங்கவே மாட்டேங்குது, வழவழன்னே கீது."

நான் அப்படியே நின்னுட்டேன். உணர்ச்சி நரம்பு அறுந்த தோல் தண்ணில ஊறுனா சுருங்காது, எங்க புத்தகத்துல இத ஒரு சோதனையாவே சொல்லுவாங்க, சின்ன புள்ளைங்களுக்கு ஊசியால குத்தி கேக்க முடியாதப்ப கைய அரை மணி நேரம் தண்ணில வெச்சு பாப்போம். நாள் முழுக்க தண்ணில கை வெச்சு வேலை செய்யற ஒருத்தங்க அத தானா கண்டுபிடிச்சு வெச்சிருக்காங்க, ஒரு மாசமா. கேக்கத்தான் ஆள் இல்ல. சோதிச்சு பாத்தா சரியா அதேதான், மோதிர விரல்ல சுண்டு விரல் பக்கத்து நரம்பு போயிருக்கு.

அந்த பக்கமே ஒரு கொப்புளம், பாதி ஆறுன மாதிரி. எப்ப சுட்டுச்சுன்னு தெரியலன்னாங்க. மீன் வறுக்கும்போது சட்டி விளிம்புல பட்டிருக்கும். வேலூர்ல பால் பிராண்ட் தொழுநோயாளிங்க கைய வருஷக்கணக்கா பாத்து சொன்னது இதான், விரல் தானா அழுகி போகல, உணர்ச்சி இல்லாததால அடிபடறதும் சுடறதும் தெரியாம போயி போயித்தான் தேயுது. அதனால அன்னிக்கு முதல் பாடமா நான் சொல்லி குடுத்தது பயிற்சி இல்ல, அடுப்புகிட்ட போகும்போது அந்த விரல கண்ணால பாத்துட்டே வேலை செய்யுங்கன்னுதான்.

என்ன பண்ணலாம்னு பேசுனது

சர்ஜன், நான், கை நர்ஸ், அவங்க, அவங்க மகன். ஜன்னல் எல்லாம் தொறந்து வெச்சு ஒரு அரை மணி நேரம் பேசுனோம்.

நேரா தெக்கிறது முடியாது. மூணு நாலு வாரத்துக்கு மேல போனா மேல் முனைய தசை உள்ள இழுத்துக்கும், தசையே குறுகிடும், டெண்டான் ஓடற குழாய் ஒட்டி மூடிக்கும். இழுத்து புடிச்சு தெச்சா விரல் கொக்கி மாதிரி மடங்கியே நின்னுடும். மிச்சம் மூணு வழி. ஒண்ணு, அப்படியே விட்டுட்டு நுனி மூட்ட மட்டும் நிலையா கட்டிடறது, சின்ன வேலை, ஆனா பிடி வராது. ரெண்டு, ஒரே ஆபரேஷன்ல வேற டெண்டான எடுத்து வெக்கிறது, விறைச்ச விரல்லயும் ஒட்டுன குழாய்லயும் அது திரும்ப ஒட்டிக்க வாய்ப்பு அதிகம். மூணு, ரெண்டு கட்டமா பண்றது: முதல்ல குழாய சுத்தம் பண்ணி ஒரு சிலிக்கான் கம்பிய டெண்டான் இருந்த இடத்துல படுக்க வெக்கிறது, அத சுத்தி உடம்பே மூணு மாசத்துல வழவழப்பா ஒரு உறை கட்டிக்கும், அப்புறம் கம்பிய எடுத்துட்டு முன்னங்கைல இருந்து எடுத்த டெண்டான அந்த உறைக்குள்ள விடறது.

கொரோனா நேரத்துல ரெண்டு ஆபரேஷன்னா ரெண்டு தடவ டெஸ்ட், ரெண்டு தடவ தியேட்டர், எத்தனையோ தடவ வந்து போகணும். அதனால முதல் வழியே போதுமேன்னு எங்களுக்குள்ளயே ஒருத்தர் சொன்னாரு, அதுலயும் நியாயம் இருந்துச்சு. அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு. "மீன புடிச்சா நழுவாம நிக்குமா?" இடது கைதான் அவங்களுக்கு புடிக்கிற கை, வழுக்கற பொருள புடிக்கறதுல மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும்தான் பெரிய பங்கு. மூணாவது வழின்னு முடிவாச்சு.

உடனே பண்ணல. விறைச்ச மூட்டோட உள்ள போனா பலன் இல்ல, முதல்ல மூட்டு இலகணும். ஜூன் 19ல இருந்து மறுபடி முழு ஊரடங்கு, ஜூலை 5 வரைக்கும் போச்சு. அந்த நாள் எல்லாம் வீட்லயே பயிற்சி, வெந்நீர் ஒத்தடம் கூட முழங்கைய விட்டு சூடு பாத்துட்டுத்தான், அப்புறம் மோதிர விரல நடு விரலோட துணி டேப்பால சேத்து கட்டி, நல்ல விரல் மடங்கும்போது இதுவும் கூட போற மாதிரி. நுரை டேப் வாங்க கடை இல்ல, புடவை ஓரத்த கிழிச்சு தெச்சு அவங்களே ஒரு பட்டை பண்ணிக்கிட்டாங்க, நாங்க குடுக்கறத விட நல்லா இருந்துச்சு.

ஜூலை 9: முதல் ஆபரேஷன்

முழு மயக்கம் குடுக்க வேணாம்னு முன்னாடியே தீர்மானிச்சோம். தொண்டைல குழாய் விட்டா காத்துல துகள் பரவும், மயக்க டாக்டருங்க எல்லாம் ஐசியூல இருக்காங்க, தியேட்டர காலி பண்ணி திரும்ப பயன்படுத்த நேரம் ஆகும். வாலன்ட்னு சொல்ற முறை, ஆள் முழிச்சிருக்க, கைக்கு மட்டும் மரத்து போற ஊசி, கைல ரத்தம் நிறுத்தற பட்டையும் கட்டறதில்ல. கனடாவுல டொனால்ட் லலோண்ட்ங்கற சர்ஜன் இத உலகம் முழுக்க பரப்புனவர். லிக்னோகெய்ன்ங்கற மரத்து போற மருந்தோட கொஞ்சம் அட்ரினலின் சேத்து போட்டா அந்த இடத்துல ரத்தக்குழாய் சுருங்கி ரத்தம் அதிகம் வராது, அரை மணி நேரம் பொறுத்து ஆரம்பிச்சா போதும். விரல்ல அட்ரினலின் போடவே கூடாதுன்னு தலைமுறையா சொல்லி குடுத்தாங்க, அந்த பயம் பழைய காலத்து மருந்தால வந்ததுன்னு அப்புறம்தான் தெளிவாச்சு. பல்லு புடுங்க போடற ஊசி மாதிரிதான்னு அவங்களுக்கு சொன்னோம், புரிஞ்சுக்கிட்டாங்க.

ஆர்டி-பிசிஆர் நெகட்டிவ் வந்து மறுநாள் பண்ணுனோம், தியேட்டர்ல இல்ல, பக்கவாட்டு வாசல் இருக்கற சின்ன புரொசீஜர் ரூம்ல. உள்ள நினைச்ச மாதிரிதான், குழாய் ஒட்டியிருந்துச்சு, மேல் முனை உள்ளங்கைக்கு போயிடுச்சு. டெண்டான எலும்போட ஒட்டி வெக்கிற வளையங்கள்ல ஒண்ணு நைஞ்சு போயிருந்துச்சு, தூண்டில் குச்சில நூல் போற வளையம் மாதிரி அது, இல்லன்னா மடக்கும்போது டெண்டான் தோல தூக்கிட்டு நிக்கும். மிச்சம் இருந்த டெண்டான் துண்டுலயே அத திரும்ப கட்டி, கம்பிய வெச்சாச்சு. நரம்போட ரெண்டு முனையும் சுத்தம் பண்ணி நேரா சேக்க முடிஞ்சுது, 75 நாள் ஆகியும். தோலுக்கு கரையற தையல், பிரிக்கறதுக்குன்னு ஒரு தடவ வர வேணாம்.

நரம்புக்காகவாவது ஜூன்லயே உள்ள போயிருக்கலாமோன்னு நாங்க அப்புறம் நிறைய பேசுனோம். என் கருத்து, போயிருக்கலாம். மூட்டு இலகறதுக்கு காத்திருந்தது டெண்டானுக்கு சரி, நரம்புக்கு அது வீணா போன ஒரு மாசம்.

அக்டோபர் 15: ரெண்டாவது ஆபரேஷன்

இடைல மூணு மாசம். செப்டம்பர் 1ல பஸ் விட்டாங்க, அதுக்கப்புறம் ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா வந்தாங்க. மத்த நாள் போன்லதான்.

இந்த தடவ முன்னங்கைல இருந்து எடுக்கற டெண்டான், பெருவிரலையும் சுண்டு விரலையும் சேத்து மணிக்கட்ட மடக்குனா நடுவுல ஒரு கயிறு மாதிரி எழும்புமே, அதான். சில பேருக்கு பிறவிலயே இருக்காது, இவங்களுக்கு நல்லா இருந்துச்சு. கம்பிய உருவி அதே வழில இத விட்டு நுனி எலும்புல ஒரு பக்கம் பொருத்தியாச்சு, உள்ளங்கைல இன்னொரு பக்கம் தற்காலிகமா ஒரு தையல்.

இங்கதான் முழிச்சிருக்கற ஆபரேஷனோட அருமை. எவ்வளவு இழுத்து கட்டணும்ங்கறதுதான் இதுல கஷ்டமான விஷயம், தளர்வா கட்டுனா மடங்காது, இறுக்கி கட்டுனா நீட்ட முடியாது. மயக்கத்துல இருந்தா ஊகம்தான். சர்ஜன் சொன்னாரு, "அக்கா, மோதிர விரல மடக்குங்க." பாதி வந்து நின்னுச்சு. தையல பிரிச்சு கொஞ்சம் உள்ள இழுத்து திரும்ப கட்டுனாரு. "இப்ப மடக்குங்க." விரல் மெதுவா சுருண்டு உள்ளங்கை பக்கம் வந்துச்சு. "நீட்டுங்க." நீட்டுனாங்க. துணி மறைப்புக்கு அந்த பக்கம் அவங்க மூஞ்சி எனக்கு தெரியற மாதிரி நான் நின்னுட்டு இருந்தேன், எட்டி பாக்கலாமான்னு கேட்டாங்க, துணிய கொஞ்சம் தாழ்த்துனோம். 173 நாளைக்கு அப்புறம் அந்த விரல் அவங்க சொன்ன பேச்ச கேட்டுச்சு. அவங்க எதுவும் பேசல, இன்னொரு தடவ மடக்கி பாத்தாங்க, அவ்ளோதான்.

ஆறு வாரம் வீடியோ கால்

ஆபரேஷன் நல்லா ஆனதுனால கை வந்துடாது, இதுல பாதி வேலை அதுக்கப்புறம்தான். அசைக்காம விட்டா ஒட்டிக்கும், அதிகமா இழுத்தா அறுந்துடும். கையோட பின்பக்கம் தாங்கற மாதிரி ஸ்பிளின்ட் போட்டு, அதுக்குள்ள ஒரு நாளைக்கு பல தடவ கொஞ்ச கொஞ்சமா அசைக்கணும், ஆறு வாரம்.

சாதாரணமா வெந்நீர்ல போட்டா இளகற பிளாஸ்டிக் ஷீட்லதான் ஸ்பிளின்ட் பண்ணுவோம். அந்த வருஷம் ஷீட் வரவே இல்ல, வந்ததும் விலை கட்டுப்படி ஆகல. பழைய வெட்டு துண்டுங்கள சேத்து இவங்களுக்கு ஒண்ணு பண்ணிட்டேன், இன்னும் ரெண்டு பேருக்கு மாவுக்கட்டு பட்டைலதான் பண்ணுனேன், கனமா இருந்தாலும் வேலை செஞ்சுது.

வீட்ல ஒரே ஒரு ஸ்மார்ட் போன், அதுல மகளுக்கு ஆன்லைன் கிளாஸ். அதனால நம்ம நேரம் ராத்திரி 7 மணி. மகதான் போன புடிப்பா, முதல் வாரத்துல அம்மா மூஞ்சிய காட்டிட்டு இருந்தா, அப்புறம் கத்துக்கிட்டா, கைய பக்கவாட்டுல, கீழ வெள்ளை துண்டு விரிச்சு, லைட்டுக்கு எதிர்க்க, மூட்டு எவ்ளோ மடங்குதுன்னு எனக்கு தெளிவா தெரியற மாதிரி. நோட்டுல கட்டம் போட்டு எத்தனை தடவ பண்ணுனாங்கன்னு டிக் அடிச்சு வெப்பா, அம்மா ஏமாத்துனா என்கிட்ட போட்டு குடுத்துடுவா. நான் இத்தனை வருஷத்துல பாத்த நல்ல அசிஸ்டன்ட்டுங்கள்ல அந்த பொண்ணு ஒருத்தி.

போன்ல முடியாதது ஒண்ணு இருக்கு. தழும்பு கட்டியா இருக்கா இளகியிருக்கான்னு என் விரல் வெச்சாத்தான் தெரியும். நாலாவது வாரம் மடக்கறது ஒரே இடத்துல நின்னுச்சு, போன்ல பாத்து சோர்வுன்னு நெனச்சேன், நேர்ல வந்தப்பதான் உள்ளங்கைல தழும்பு புடிச்சிருக்குன்னு தெரிஞ்சுது. பத்து நாள் வீணா போச்சு.

ஸ்பிளின்ட் கழட்ட வேண்டிய நாள் நவம்பர் 26. முந்தின ராத்திரிதான் நிவர் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்துச்சு, இவங்க தெருவுல முட்டி தண்ணி. போன்லயே பேசி, நைட்டு மட்டும் போடுங்க, தண்ணிய இறைக்க அந்த கைய பயன்படுத்தாதீங்கன்னு சொன்னேன். கேட்டாங்க, பக்கெட்ட மகன் தூக்குனான். 30ம் தேதி நேர்ல வந்தாங்க. எட்டாவது வாரத்துக்கு மேல ஈரத்துணி பிழியறது, சப்பாத்தி மாவு பிசையறது, அரிசில இருந்து மொச்சை பொறுக்கறதுன்னு வீட்டு வேலையே பயிற்சியாச்சு.

பலன்

ஜனவரில மீன் கழுவ ஆரம்பிச்சாங்க, மார்ச்ல அருவாமனை, மீன் புடிக்கற கைல வெட்டு தாங்கற உறை போட்டுட்டு. 2021 ஏப்ரல்ல கடைசியா அளந்தப்ப நடு மூட்டு 85 டிகிரி, நுனி மூட்டு 30 டிகிரி மடங்குச்சு, விரல் நுனி உள்ளங்கைய தொட ஒன்றரை சென்டிமீட்டர் பாக்கி. பிடி பலம் வலது கை 24 கிலோ, இடது கை 17. குளிர்ல விரல் வலிக்குது. உணர்ச்சி முழுசா வரல, ஆனா சூடு தெரியுது, கூர்மை தெரியுது. ஒரு நாள் ராத்திரி 7 மணிக்கு கால் பண்ணி, பயிற்சி நேரம் முடிஞ்சு ரெண்டு மாசம் ஆகியும், போன்ல விரல காட்டுனாங்க. அந்த பக்கமும் லேசா சுருங்கியிருந்துச்சு.

சரின்னு சொல்லிக்கலாம். ஆனா அஞ்சாவது நாள் வந்தவங்களுக்கு ஒரு ஆபரேஷன்ல, மூணு மாசத்துல முடிய வேண்டியது, ரெண்டு ஆபரேஷன், பதினோரு மாசம் ஆச்சு. காதுல இருந்தது இன்னும் அடகுலதான் இருக்கு.

நாங்க மாத்துனது

கேட்ல நிக்கறவங்களுக்கு, செக்யூரிட்டி உட்பட, கை அடிக்குன்னு மூணு சோதனை சொல்லி குடுத்தோம். கைய தளர்வா வெச்சா எந்த விரலாவது தனியா நேரா நிக்குதா. ஒவ்வொரு விரலோட நுனிய மட்டும் மடக்க முடியுதா. விரலோட ரெண்டு பக்கமும் பேனா மூடியால தொட்டா ஒரே மாதிரி தெரியுதா. ஒண்ணுல சந்தேகம்னாலும் அன்னிக்கே எங்களுக்கு போன், காயம் சுத்தமா இருக்கா இல்லையாங்கறது கேள்வியே இல்ல. "உயிருக்கு ஆபத்தில்லை"ங்கற வரிய கை சீட்டுல எழுதறத நிறுத்தியாச்சு, அதுக்கு பதிலா எத்தனாவது நாள்ங்கறத பெருசா எழுதணும்.

வர முடியாதவங்களுக்கு ஒரு வாட்ஸப் நம்பர், பத்து செகண்ட் வீடியோ போதும், விரல் எல்லாம் மடக்கி நீட்டுனா. பக்கத்து கிளினிக் டாக்டருங்களுக்கும் இதே நம்பர குடுத்தோம், நாலு பேர் பயன்படுத்துறாங்க, மத்தவங்கள இன்னும் நேர்ல போயி பாக்கணும். புரொசீஜர் ரூம் பக்கவாட்டு வாசலோட கைக்குன்னே நின்னுடுச்சு. என்ன டூட்டி வந்தாலும் கைய தெரிஞ்ச ரெண்டு பேர ஒரே நேரத்துல வெளிய அனுப்பக்கூடாதுன்னு எழுதி வாங்கிட்டோம், இதுக்குத்தான் அதிகமா சண்டை போட வேண்டியிருந்துச்சு.

2021 மே 10ல மறுபடி முழு ஊரடங்கு, இந்த தடவ இன்னும் மோசம். அந்த வாரம் 19 வயசு பையன் ஒருத்தன், ஜன்னல் கண்ணாடி உடைஞ்சு சுண்டு விரல்ல வெட்டு, கிளினிக்ல இருந்தே வீடியோ வந்துச்சு, நுனி மடங்கல. மூணாவது நாள் அந்த ரூம்லயே முழிச்சிருக்கும்போதே தெச்சாச்சு. ஆகஸ்ட்ல வேலைக்கு போயிட்டான். அவன் வேலை செய்யற பட்டறைலயும் இஎஸ்ஐ இல்ல, அந்த மூணு மாச கூலிக்கு எங்ககிட்ட இன்னும் வழி எதுவும் இல்ல.